கல்யாணத்துக்கு வெட்டிய பூவரசு

இந்த ஊரில் நெருப்பை மேலிருந்து பற்ற வைக்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரிய கட்டைகளை அடியில் படுக்க வைத்து, அதன் மேல் சின்னக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் உச்சியில் நாலு சுள்ளியை வைத்துத் தீக்குச்சியைக் கிழிக்கிறார்கள். தீ அவசரப்படாமல் கீழே இறங்கி வருகிறது. அப்படிச் செய்தால்தான் புகை குறையும், அடுப்பின் கண்ணாடி கறுக்காது என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. அடியில் தீ மூட்டி, ஊதுகுழலை வாயில் வைத்துக் கண் சிவக்க ஊதுகிற அம்மாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது புத்தியில் ஏறவே சில குளிர்காலங்கள் பிடித்தன. இப்போதும் தீக்குச்சியைக் கிழித்ததும் என் கை முதலில் கீழேதான் போகும். அப்புறம் நினைவு வந்து மேலே தூக்குவேன்.

நான் இருப்பது நார்வேயின் மேற்குக் கரையில், மலைக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்து கிடக்கிற ஒரு சின்ன ஊர். அந்தக் கடல் நாக்கை ஃபியோர்ட் என்கிறார்கள். என் கணவர் நாகப்பட்டினத்துக்காரர். கப்பல் எஞ்சினில் வேலை பார்த்துப் பார்த்து, கடைசியில் இந்த ஊர்க் கப்பல் பட்டறையில் கரையேறியவர். அவரோடு நானும் கரையேறி, முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தின் மூலையில் ஓர் இரும்புப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னாலிருந்து கூரையைத் துளைத்துக்கொண்டு போகிற குழாய். இதற்கு வேடோவ்ன் என்று பெயர். விறகு அடுப்பு என்று அர்த்தம். ஆனால் இதில் யாரும் சமைப்பதில்லை. வேளா வேளைக்கு விறகு போட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எரிவதைப் பார்க்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு தீ வீணாகிறதே என்று அதன் தலையில் ஓர் உலையை ஏற்றி வைத்தேன். சோறு வேகவில்லை. வீடு முழுக்கக் கஞ்சி வாடைதான் மிச்சம்.

பக்கத்து வீட்டில் ஓட்வார் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். கொஞ்சம் ஆடு, கொஞ்சம் உருளைக்கிழங்குத் தோட்டம், ஏராளமான விறகு. இந்த ஊரில் விறகை அடுக்கியிருக்கும் நேர்த்தியைப் பார்த்துத்தான் ஆளை எடை போடுகிறார்கள். ஓட்வாருடைய விறகுச் சுவரில் ஒரு கட்டை வெளியே துருத்திக்கொண்டு இருக்காது. என்னுடையது எப்போதும் ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். காலையில் அவர் ஆட்டுக்குத் தீனி வைக்கப் போகும்போது என்னைப் பார்ப்பதில்லை, என் வீட்டுப் புகைபோக்கியைத்தான் பார்ப்பார். புகை வெள்ளையாக, மெலிதாக இருந்தால் தலையை ஆட்டிக்கொண்டு போவார். கறுப்பாக இருந்தால் வேலியருகே நின்று, “இன்னைக்கு உன் புகை நல்லா இல்ல” என்பார். முதல் வருடம் அதை நான் சண்டைக்கு இழுப்பதாக நினைத்து, “உங்க ஆடுதான் நல்லா இல்ல” என்று பதில் சொல்லியிருக்கிறேன். அவர் உடனே போய் ஆட்டைப் பரிசோதித்தார். நல்ல மனிதர். நக்கல் மட்டும் புரியாது.

நாங்கள் விறகுக்காரர்கள் இல்லை. கீழ்வேளூரிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்தால் எங்கள் ஊர் வரும். கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல்தான். காடும் இல்லை, மலையும் இல்லை. வறட்டி, தென்னை மட்டை, உமி, கரையோரத்துக் கருவை முள், இவைதான் எங்கள் அடுப்பு கண்ட எரிபொருள். மரம் என்று ஒன்று இருந்தால் அது வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் யாராவது நட்டு வளர்த்ததாக இருக்கும். எங்கள் வயல் வரப்பில் ஒரு வரிசை பூவரசு நின்றது. அம்மா வாழ்க்கைப்பட்டு வந்த வருடம் அப்பா போத்து வெட்டி ஊன்றியவை அவை. அப்பா பெயர் காத்தமுத்து. ‘எங்கள் வயல்’ என்று நான் சொன்னாலும் பட்டா பண்ணை வீட்டு மிராசுதார் பெயரில்தான் இருந்தது. தாத்தா காலத்திலிருந்து நாங்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்து வந்தோம். எழுத்து எதுவும் கிடையாது. அறுவடை முடிந்ததும் அப்பா குத்தகை நெல்லை வண்டியேற்றிப் பண்ணை வீட்டுக் களத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார். ஊருக்கே தெரிந்த விஷயம் அது. ஊருக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இதைப் படிக்கிற இளையவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் குத்தகைக்காரனும் வயலில்தான் நிற்பான், கூலிக்காரனும் வயலில்தான் நிற்பான். இரண்டு பேர் காலிலும் ஒரே சேறு. நெல் எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். குத்தகைக்காரன் நெல்லைப் பண்ணை வீட்டுக்குக் கொடுப்பான். கூலிக்காரன் பண்ணை வீட்டிலிருந்து நெல்லை வாங்குவான். அப்பா ஒரு நாளும் வாங்கியவர் இல்லை. விளையாத வருடத்தில்கூடக் கடன்பட்டுக் கொடுத்தார் என்று அம்மா சொல்வாள். அதில் அவருக்கு ஒரு மிடுக்கு இருந்தது. களத்துக்குப் போகும்போது துண்டை இடுப்பில் கட்டாமல் தோளில் போட்டுக்கொண்டுதான் போவார்.

கழக ஆட்சி வந்திருந்த காலம். மேடைக்கு மேடை உழுகிறவனுக்குத்தான் நிலம் என்று பேசினார்கள். குத்தகைக்காரர் பெயரை அரசாங்கப் பதிவில் ஏற்றுகிற சட்டமும் வந்தது. பதிவாகிவிட்டால் மிராசுதார் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. தெருவில் கொடிக்கம்பங்கள் முளைத்தன. ஒரு பக்கம் சிவப்புக் கொடிச் சங்கம் கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போனது. இன்னொரு பக்கம் மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து நடவு நட்டார்கள். அரிவாள் வெட்டு, போலீஸ், வழக்கு என்று அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து சேதி வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊர் மிராசுதார் கெட்டிக்காரர். சண்டைக்கு நிற்கவில்லை. ஆளுங்கட்சித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குத்தகைக்காரர்களிடம் முன்னெப்போதும் இல்லாத பிரியத்தோடு பேச ஆரம்பித்தார்.

அப்பா பெயர் பதிவாக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வருடம் வேறு பேச்சே கிடையாது. பதிவானால் அந்த வயலில் என் தம்பியும் அவன் பிள்ளைகளும் ஏர் பிடிப்பார்கள். ஆகாவிட்டால் பண்ணை வீடு விரல் நீட்டுகிற அன்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கரையேற வேண்டும். இந்த விவரமெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் நடேசன் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அவருக்கு நிலமும் கிடையாது, குத்தகையும் கிடையாது. பண்ணை வீட்டில் கூலிக்குத்தான் போனார். ஆனால் கட்சிக் கூட்டம், சங்கக் கூட்டம் எதையும் விடமாட்டார். யார் மேடையில் என்ன பேசினாலும் மறுநாள் எங்கள் வாசலில் அப்படியே பேசிக் காட்டுவார். எனக்குக் காது குத்தியது அவர் மடியில்தான். திருவிழாக் கூட்டத்தில் சாமி தெரியவில்லை என்றால் அவர் தோளில்தான் ஏறுவேன். எனக்கு அவர் மேல் இருந்த பிரியத்தைப் பார்த்து அப்பாவே கேலி செய்வார்.

பூவரசை வெட்டிய கதைக்கு வருவதற்கு முன்னால் இங்கே ஒரு மரத்தை வெட்டியதைச் சொல்ல வேண்டும். அது நடக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. எனக்கும் ஓட்வாருக்கும் இடையே வேலியோரமாக ஒரு பிர்ச் மரம் நின்றது. வெள்ளைப் பட்டையோடு பார்க்க அழகாக இருக்கும். இவர்கள் அதை பியோர்க் என்பார்கள். விறகுக்கு இதை மிஞ்சிய மரம் இல்லை. ஓர் இலையுதிர் காலப் புயலில் அது பாதி வேர் கிளம்பிச் சரிந்து, என் வீட்டுக் கூரையைக் குறி பார்த்துக்கொண்டு நின்றது. ஓட்வார் வந்து பார்த்தார். அவருடைய எஞ்சின் ரம்பம் பழுதாகிக் கடையில் கிடந்தது. கொட்டகைக்குள் போய் அவருடைய அப்பா காலத்து ரம்பத்தை எடுத்து வந்தார். ஆள் நீளம், இரண்டு முனையிலும் கைப்பிடி. ஒரு பிடியை என்னிடம் நீட்டி, முடியுமா என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று கை நீளவில்லை. அந்த ரம்பத்தின் மறு முனையில் யார் நிற்பார்கள் என்று எனக்கு ஒரு ஞாபகம் இருந்தது. இருந்தாலும் கூரை முக்கியம் இல்லையா? பிடித்தேன். இரண்டு பேர் ரம்பம் இழுப்பதில் ஒரே ஒரு முறைதான் உண்டு. நம் பக்கம் வரும்போது இழுக்க வேண்டும், அந்தப் பக்கம் போகும்போது விட்டுக்கொடுக்க வேண்டும். தள்ளக் கூடாது. தள்ளினால் ரம்பம் வளைந்து மாட்டிக்கொள்ளும். இதை ஓட்வார் எனக்குச் சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் இழுக்க ஆரம்பித்துவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார், அப்புறம் மரத்தைப் பார்த்தார். மதியத்துக்குள் மரம் சாய்ந்தது. மறுநாள் துண்டு போட்டுப் பிளந்தோம். பாதி உனக்கு, பாதி எனக்கு என்று அவர் சொன்னார். நான் சரி என்றேன். அவருடைய பாதி அவர் கொட்டகைக்குப் போனது. என் பாதி என் வாசலில் வழக்கம்போலச் சரிந்து கிடந்தது.

அந்த வருடம்தான் பண்ணை வீட்டு மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். ஏழு ஊருக்குச் சாப்பாடு, கோட்டை அடுப்பு போட்டுச் சமையல் என்று பேச்சு. அதற்கு விறகு வேண்டும். ஒரு நாள் காலையில் நடேசன் மாமா வந்து, மிராசுதார் எங்கள் வரப்புப் பூவரசைக் கேட்கிறார் என்று சொன்னார். உத்தரவாக இல்லை, காத்தமுத்துவிடம் கேட்டு வா என்றுதான் அனுப்பியிருக்கிறார் என்று அழுத்திச் சொன்னார். கேட்டு வா என்ற அந்த இரண்டு வார்த்தையில் அப்பா விழுந்துவிட்டார். கேட்பது என்றால் மரம் அப்பாவுடையது என்று ஒத்துக்கொள்வதுதானே? இருந்தாலும் அவர் ஒரு சந்தேகம் கேட்டார். நான் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

“பச்ச மரமாச்சே மச்சான். வர்ற வெள்ளிக்கிழம கல்யாணத்துக்கு எப்புடி எரியும்?”

“அதெல்லாம் சமையக்காரரு பாத்துக்குவாரு அத்தான். உமியக் கொட்டி எரிச்சா பச்ச மரமும் நின்னு எரியும்.”

அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டு பேரும் ரம்பத்தின் இரண்டு முனையைப் பிடித்தார்கள். ஒவ்வொரு மரமாகச் சாய்ந்தது. தழையெல்லாம் எங்கள் ஆட்டுக்கு. நான் சந்தோஷமாகப் பொறுக்கிக் கட்டினேன். அறுத்த கட்டைகளை வண்டியேற்றிக்கொண்டு போய்ப் பண்ணை வீட்டுக் களத்தில் இறக்கினார்கள். களத்தில் ஊர்ப் பெரியவர்கள், கணக்குப்பிள்ளை, கல்யாண வேலைக்கு வந்தவர்கள் என்று நல்ல கூட்டம். மிராசுதார் வெற்றிலை பாக்கு கொடுத்தார். பிறகு ஆளுக்கு ஒரு மரக்கால் நெல்லைத் தன் கையாலேயே அளந்து அப்பாவின் துண்டிலும் மாமாவின் துண்டிலும் போட்டார். கல்யாண வீட்டில் மகிழ்ந்து கொடுப்பதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அப்பா அதை மரியாதை என்று நினைத்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகவே சொன்னார். அந்த நெல்லைக் குத்தித்தான் அம்மா வெல்லப் பொங்கல் வைத்தாள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் தாசில்தார் விசாரணைக்கு வந்தார். ஊர்ச் சாவடியில் மேசை போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் எல்லாம் சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம். அப்பா எழுந்து, மூன்று தலைமுறையாகக் குத்தகைச் சாகுபடி என்று சொன்னார். மிராசுதார் பதறவே இல்லை. காத்தமுத்து எங்கள் பண்ணையில் கூலி ஆள், நல்ல உழைப்பாளி என்றார். குத்தகைக்கு என்ன ருசு என்று தாசில்தார் கேட்டார். அப்பா சுற்றிலும் பார்த்தார். பக்கத்து வயல்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். எல்லோரும் பண்ணை வீட்டு நிலத்தில் நிற்பவர்கள். அப்பா, வரப்பில் நான் வைத்த மரம் இருக்கு வந்து பாருங்க என்று சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திவிட்டார். மரம் இல்லை. அவரே வெட்டிக் கொடுத்திருந்தார்.

மிராசுதார் மெதுவாகச் சொன்னார், அது பண்ணை மரம், வெட்டியதற்குக் கூலி நெல் வாங்கிக்கொண்டுதான் போனார், வேண்டுமானால் கூட வெட்டியவரைக் கேளுங்கள் என்று. நடேசன் மாமா எழுந்தார். எனக்கு உடம்பெல்லாம் குதூகலம். மேடைப் பேச்சையெல்லாம் அப்படியே பேசிக் காட்டுகிற மாமா. இப்போது பாருங்கள் என்று பக்கத்துப் பிள்ளைகளிடம் சொன்னதுகூட நினைவிருக்கிறது. மாமா அப்பாவைப் பார்க்கவில்லை. தாசில்தாரின் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

“வாங்குனாருங்க. ஒரு மரக்கா நெல்லு. நானும் கூட வாங்குனேங்க.”

அவ்வளவுதான் விசாரணை. அப்பா பெயர் பதிவாகவில்லை. அடுத்த சம்பாவுக்கு எங்களை வயலில் இறங்க விடவில்லை. அந்த வயலில் நடேசன் மாமா ஏர் ஓட்டினார். பிறகு நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பண்ணை வீடு நிலத்தைப் பல பேர் பெயரில் பிரித்து எழுதியபோது மாமா பெயரிலும் எழுதினார்கள். மாமா அதை அப்புறம் திருப்பிக் கொடுக்கவில்லை என்று கேள்வி. இன்று அது மாமா வீட்டு நிலம். நாங்கள் நாகப்பட்டினத்துக்குப் போனோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கூலி வாங்காதவர் என்று பேர் எடுத்த மனிதர் சாகும் வரை தினமும் கூலி வாங்கினார். அங்கே பார்த்துப் பழகிய குடும்பத்தில்தான் என் கணவர் கிடைத்தார். கப்பல் கிடைத்தது. இந்தக் குளிர் கிடைத்தது. யாராவது என்னிடம், நீ ஏன் அம்மா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டால், ஒரு மரக்கால் நெல் என்று சொல்லத் தோன்றும். சொன்னால் யாருக்குப் புரியும்?

மாமாவை நான் மன்னித்திருந்தேன். அதைத்தான் இன்று நினைத்தால் வயிறு எரிகிறது. அம்மா எங்களுக்கு ஒரு கதை சொல்லி வைத்திருந்தாள். தம்பி பயந்துவிட்டான், தாசில்தாரையும் போலீசையும் கண்டு நாக்கு புரண்டுவிட்டது, கேட்டதற்கு உள்ளதைச் சொல்லிவிட்டான், ஏழை என்ன செய்வான் என்பாள். பயம் எனக்குப் புரிந்தது. பயத்தை எப்படிக் கோபித்துக்கொள்வது? என் கல்யாணத்துக்கு மாமா தாய்மாமன் சீர் கொண்டு வந்தார். நான் காலில் விழுந்தேன். அப்பா மட்டும் சீர்த்தட்டு உள்ளே வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டார். கிழவருக்கு இன்னும் வீம்பு என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். வெளிநாடு வந்த பிறகும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாமாவுக்குப் போன் செய்வேன். மார்கழிப் பனிக்கு இதமாக இருக்கட்டும் என்று இங்கிருந்து கம்பளிச் சட்டை வாங்கிப் போயிருக்கிறேன்.

பிர்ச் மரம் வெட்டிய அடுத்த வாரமே பனி கொட்டியது. காய்ந்த விறகு கொண்டு வருகிறவர் சாலை மூடியதால் வரவில்லை. கணவர் வேறு ஊரில் கப்பல் வேலையாக இருந்தார். அதுதான் வாசலில் நம் மரம் இருக்கிறதே என்று நான்கு கட்டையை எடுத்து வந்து, முறைப்படி மேலே சுள்ளி வைத்து, மேலிருந்து பற்ற வைத்தேன். சுள்ளி எரிந்தது. கட்டை எரியவில்லை. சீறியது. வெட்டிய முனையில் நுரை தள்ளித் தண்ணீர் சொட்டியது. செய்தித்தாளைச் சுருட்டிக் கொடுத்தேன், பழைய அட்டைப் பெட்டியைக் கிழித்துப் போட்டேன். அதெல்லாம் எரிந்தது, மரம் மட்டும் கறுத்துப் போய்ப் புகைந்துகொண்டு கிடந்தது. கண்ணாடி இருண்டது. கதவைத் திறந்ததும் புகை வீட்டுக்குள் வந்து, கூரையில் இருக்கிற புகை மணி கத்த ஆரம்பித்தது. ஓட்வார் ஓடி வந்தார். சன்னலைத் திறந்தார், இடுக்கியால் கட்டைகளை எடுத்துப் பனியில் எறிந்தார்.

அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். இந்த மரம் போன வாரம் உயிரோடு நின்றதே, இரண்டு கோடையாவது காய வேண்டாமா என்று கேட்டார். நான் அசடு வழிய, எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பச்சை மரத்தைத்தான் வெட்டுவோம், உமி போட்டு எரிப்போம் என்று சொன்னேன். அது நடேசன் மாமாவின் வார்த்தை என்று சொல்லும்போதே தெரிந்தது. ஓட்வார் யோசித்துவிட்டு, விருந்துக்கு விறகு வேண்டும் என்றால் விருந்துக்கு முந்தின வருடம்தானே வெட்டுவார்கள் என்றார். கல்யாணம் சாதாரணமாகத் திடீரென்று வருமா என்றும் கேட்டார். பனியில் கிடந்த கட்டைகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன.

திடீரென்று வரவில்லை. பண்ணை வீட்டுக் கல்யாணம் ஆறு மாதத்துக்கு முன்பே நிச்சயமானது. ஊருக்கே தெரியும். கோட்டை அடுப்புக்கு அவர்கள் வண்டி வண்டியாகச் சவுக்கு வாங்கி இறக்கியதும் எனக்கு நினைவு வந்தது. அந்தச் சவுக்கின் பக்கத்தில்தான் எங்கள் பூவரசை இறக்கினார்கள். அப்படியானால் எங்கள் மரம் எதற்கு? விறகுக்காக இல்லை. வரப்பிலிருந்து மரம் போக வேண்டும், ஊர் பார்க்க அப்பா துண்டில் நெல் விழ வேண்டும், அவ்வளவுதான் தேவை. தாசில்தார் வருவதற்கு முன்னால் அதை முடிக்க வேண்டும். அப்பா சந்தேகம் கேட்டார். அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொன்னது மிராசுதார் இல்லை. தாசில்தாரையோ போலீசையோ கண்டு பயப்படுவதற்கு முன்னாலேயே, காலை வெயிலில், எங்கள் ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சிரித்த முகமாக மாமா சொன்ன பதில் அது.

உடனே போன் செய்தேன். ஊரில் அப்போது சாயங்காலம். மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். அவர் மகன் போனை அவர் கையில் கொடுத்தான். சுகம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமையில்லை.

“மாமா, பண்ண வீட்டுக் கல்யாணத்துக்கு வெட்டுனீங்களே பூவரசு. அது எரிஞ்சுதா?”

எந்தக் கல்யாணம், எந்தப் பூவரசு என்று அவர் கேட்கவில்லை. ஐம்பது வருடம் கழித்து ஒருத்தி விறகைப் பற்றிக் கேட்கிறாளே என்று சிரிக்கவும் இல்லை.

“பச்ச மரம் எப்புடி பாப்பா எரியும்? மழ வர்ற வரைக்கும் களத்துலதான் கெடந்துச்சு.”

“அப்ப எதுக்கு எரியும்னு அப்பாகிட்ட சொன்னீங்க?”

“தாசில்தார்கிட்ட நான் ஒரு வார்த்த பொய் சொல்லல பாப்பா. உள்ளததான் சொன்னேன். அங்க குளிரு சாஸ்தியாமே, ஒடம்பப் பாத்துக்க.”

நான் போனை வைத்துவிட்டேன். அழுகை வரவில்லை. துரோகம் செய்தவரைத் திட்டலாம். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்கிறவரை என்ன செய்வது? அப்புறம் இன்னொன்று மெதுவாக வந்து உறைத்தது. காலமெல்லாம் அடுப்படியில் ஊதுகுழலோடு கிடந்தவள் அம்மா. ஈர வறட்டியைத் தொட்டுப் பார்த்தே இது எரியாது என்று தூக்கி எறிவாள். பச்சைப் பூவரசு வெள்ளிக்கிழமைக்குள் எரியாது என்று அவளுக்கா தெரியாது? தெரிந்துதான் பயந்துவிட்டான் என்ற கதையை எங்களுக்குச் சொன்னாளா? தம்பியைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகப் புருஷனை வீம்பு பிடித்தவர் என்று பிள்ளைகள் பேச விட்டாளா? அவள் இப்போது உயிரோடு இல்லை, கேட்க முடியாது. கேட்க முடியாததால் அது என்னோடு இருக்கிறது. சீர்த்தட்டைக் கண்டு எழுந்து போன அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என் கல்யாணம் நல்லபடி நடக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு வெளியே நின்றிருக்கிறார்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு சாக்கு உருளைக்கிழங்கு. ஓட்வார் தோட்டத்துக் கிழங்கு, மண் ஒட்டியபடி. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மரம் வெட்டிய கூலியா? எனக்கா? எங்கள் குடும்பத்தில் இரண்டாம் தடவையா? சாக்கின் காதைப் பிடித்துப் பனியில் இழுத்துக்கொண்டே போனேன். கால் வழுக்கி ஒரு முறை விழுந்தேன். விடவில்லை. அவர் வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, நான் கூலிக்காரி இல்லை, எனக்கு எதுவும் அளக்காதே என்று பாதி நார்வேஜியனிலும் பாதி தமிழிலும் கத்தினேன். தமிழில் சொன்ன பாதி இங்கே எழுதத் தகுந்தது இல்லை.

ஓட்வார் காலுறையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலிப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன், சண்டை முடியவில்லையே. வெட்டிய மரத்தின் அடிக்கட்டை அருகே பனியைக் காலால் விலக்கினார். தரையில் பதித்த ஒரு கல், அதன் தலையில் பழைய சிவப்புச் சாயம். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு கல்லையும் காட்டினார். இரண்டு கல்லுக்கும் நேராகக் கையை நீட்டினார். வேலி பின்னால் போட்டது, கோணலாகப் போட்டுவிட்டார்கள். எல்லை இதுதான் என்றார். அடிக்கட்டை எல்லைக்கு இந்தப் பக்கம், என் மனைக்குள் இருந்தது.

“இது உன் மரம். பாதியை நான் எடுத்துக்கிட்டேன். அதுக்குத்தான் கிழங்கு.”

அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. குளிர்கிறது, உள்ளே போ என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கிழங்கு பிடிக்காவிட்டால் ஆட்டுக்கறி தருகிறேன் என்றார். அந்தச் சாக்கை அவரே தோளில் போட்டுக்கொண்டு வந்து என் வாசலில் மறுபடி வைத்தார், இந்தத் தடவை நான் அதை உள்ளே எடுத்துப் போனேன். கேட்காமலே ஒரு மனிதர் எனக்காகச் சாட்சி சொல்லிவிட்டுப் போனார். அவர் என் சாதிசனம் இல்லை. எனக்குக் காது குத்த மடி கொடுத்தவரும் இல்லை.

மாமாவுக்கு நான் அதற்கப்புறம் போன் செய்யவில்லை. பொங்கல் வந்தது, தீபாவளி வந்தது. அவர் மகன் இரண்டு முறை கூப்பிட்டான், எடுக்கவில்லை. ஊருக்குப் போனால் அந்த வரப்பில் கால் வைப்பேனா என்று தெரியவில்லை. அங்கே பூவரசு நின்ற சுவடுகூட இருக்காது. வரப்பையும் வெட்டி வயலோடு சேர்த்து உழுதிருப்பார்கள்.

பிர்ச் கட்டைகள் இரண்டு கோடை காய்ந்தன. அடுக்கு இன்னும் கோணல்தான், ஆனால் ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தால் கிண்ணென்று சத்தம் வந்தது. இன்று காலை முதல் முறையாக அந்தக் கட்டைகளை அடுப்பில் வைத்தேன். மேலே சுள்ளி. தீக்குச்சியைக் கிழித்ததும் கை கீழே போயிற்று, அப்புறம் மேலே வந்தது. தீ ஒவ்வொரு கட்டையாக இறங்கி, பட்டை சுருண்டு, புகையே இல்லாமல் எரிந்தது. வெளியே ஓட்வார் நின்று புகைபோக்கியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் அடுப்பின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். என்னுடையது என்று இந்த உலகத்தில் இன்னொருவர் வாயால் ஒத்துக்கொண்ட மரம் இது ஒன்றுதான். அதையும் குளிருக்கு எரித்துக்கொண்டிருக்கிறேன்.